சாரலுக்கு ஒரு சுவர், அடைமழைக்கு ஒரு மூலை

2021 ஆவணியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு போகலாம் என்று பீரோவைத் திறந்தேன். முதலில் மூக்கில் அடித்தது நெடி. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த நெடி. புடவையை விரித்தால் மடிப்புக்கு மடிப்பு சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம். ஜரிகை கறுத்துப் போயிருந்தது. நானும் பையனும் தம் பிடித்துப் பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பீரோவின் முதுகு முழுக்கத் துரு. அதற்குப் பின்னால் சுவரில், கறுப்பு ரவையைத் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள், என் இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை.

வளைகாப்புக்குச் சின்னாளப்பட்டிச் சேலையில் போய்விட்டு வந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்த வீட்டுச் சுவர்களைப் பற்றி உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்தேனே தவிர, அடுத்துச் செய்ததும் தப்புதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டைப் பக்கம். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு சுகம். இரண்டு நாள் அருவியில் நின்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சாரலோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் கணக்கு வேறு. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். மழை என்று அளந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இராது, தூறல்தான். ஆனால் அந்தத் தூறல் மேலிருந்து கீழே விழாமல் மேற்கிலிருந்து கிழக்கே பறந்து வரும். குடை பிடித்தாலும் இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். வீட்டுக்கும் அதே கதிதான். மேற்குச் சுவர் நாள் பூராவும் நனைந்தபடி நிற்கும், கிழக்குச் சுவரில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. புரட்டாசியில் கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு ஐப்பசியில் அடைமழை தொடங்கும். அது நேரே தலையில் கொட்டுகிற மழை. ஒரே வீட்டுக்கு இரண்டு மழை, இரண்டும் இரண்டு திசை. இவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் இந்தச் சாதாரண விஷயத்தை நான் சுவரோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மாமா இந்த வீட்டைக் கட்டியது 1987இல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தது. ஜல்லியைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள் என்று அத்தை இப்போதும் சொல்வார்கள். கொடுத்த கூலியைவிட அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த கணக்குதான் அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரி, என் தப்புகள். 2018இல் படுக்கையறைச் சுவர் லேசாகப் பொரிய ஆரம்பித்ததும் பெயிண்டரைக் கூப்பிட்டோம். சுரண்டினார், இரண்டு கை பட்டி வைத்தார், பிரைமர் அடித்தார், விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தார். வீடு முழுக்கச் சேர்த்து 42,000 ரூபாய். அடுத்த ஆடியில் அந்தச் சுவரில் பெயிண்ட் அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பி நின்றது. விரலால் அமுக்கினேன். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்து முழங்கை வரை வந்தது.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். 2021இல் புடவை போன கோபத்தில் கடைக்குப் போய், ஈரம் தாங்கும் என்று சொன்ன பூச்சை வாங்கி வந்து உள்பக்கமே அடிக்க வைத்தேன். ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம், மூன்றடி உயரத்தில் இருந்த கறை நாலரை அடிக்கு ஏறியிருந்தது. சுவருக்குள் புகுந்த தண்ணீர் எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். கீழே அடைத்தால் மேலே ஏறி வரும். நனைந்த உடம்பின்மேல் ரெயின்கோட்டை மாட்டிவிட்டு ஏன் காயவில்லை என்று கேட்ட கதைதான் நான் செய்தது. இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னார். இன்னொருவர் பிளாஸ்டிக் பேனல் அடித்தால் கறையே தெரியாது என்றார். அவர் சொன்னது உண்மைதான், தெரியாது. பின்னால் பூஞ்சணம் நிம்மதியாகக் குடியிருக்கும்.

முடிச்சை அவிழ்த்தது அத்தை. ஒருநாள் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்கள்: “ஏட்டி, எல்லாக் கறையும் ஒரு கறையா? நீ படுக்க ரூம்ல வாரது ஆடியில வரும். மச்சுப்படி மூலையில வாரது ஐப்பசியில வரும். அடுப்பாங்கரையில இருக்கது போவவே போவாது.”

நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள். மூன்று பேருடைய வரவு செலவை ஒரே பேரேட்டில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து தினத்தாள் காலண்டரில் எழுத ஆரம்பித்தேன். இன்று சாரலா, நேர் மழையா, காற்று உண்டா, எந்தச் சுவர். கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். கறை கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு. வீட்டுக்கு ஈசிஜி எடுக்கிறாள் என்று பையன் கேலி செய்தான். ஆனால் எட்டு மாதத்தில் சுவரே பதில் சொல்லிவிட்டது. படுக்கையறைச் சுவர் காற்றோடு சாரல் அடித்த இரண்டாம் நாள் நனைகிறது. கார்த்திகையில் எவ்வளவு கொட்டினாலும் அசையவில்லை. படிக்கட்டு மூலை நேர்மாறு. அடுக்களைக் கறை சித்திரை வெயிலிலும் அதே அளவு.

இன்னொரு சோதனையும் செய்தேன். பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவரில் இட்லித் தட்டளவு அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து வரும் ஈரம். எங்களுக்கு இரண்டு பக்கமும்! சாரல் மாதங்களில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டது நாங்கள்தானே.

அப்புறம் வந்தது 2023 டிசம்பர் 17. மார்கழி பிறந்த அன்று. அந்த மழையைத் தென் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்களுக்கு அந்த அளவு இல்லை என்றாலும், இரவு இரண்டு மணிக்குப் படிக்கட்டுப் பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டு எழுந்தேன். மூலையில் சுவரோடு தண்ணீர் கோடு போட்டு இறங்கி, நேரே சுவிட்ச் போர்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். (ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.) நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் இறங்கும் இரண்டு அங்குலக் குழாய் வாயில் கையை விட்டுத் துழாவினால் வேப்பிலை, பாலித்தீன் பை, கடைசியாகப் பையன் சின்ன வயதில் தொலைத்த பந்து. அதைப் பிடுங்கியதும் தளம் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அந்த இருட்டில் அதைவிட இனிமையான சத்தம் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

தை பிறந்ததும் எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வந்தவர் வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. வெளியே ஒரு சுற்று, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. நான் உள்ளே வந்து கறையைப் பாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, “நீங்க உள்ளேயே பாத்துக்கிட்டு இருக்கீய. தண்ணி வெளியேல்லா நிக்கி” என்றார்.

மேற்கு ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடின் விளிம்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் விளிம்பிலிருந்து சொட்டவே இல்லை. சன்ஷேடின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து போய்ச் சுவரில் இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக் கோடு இருக்க வேண்டுமாம். தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். மாமா கட்டியபோது அந்தக் கோடு இருந்திருக்கிறது. கரணை நுனியால் சுரண்டிக் காட்டினார். 2018இல் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதற்குள் பட்டியை வைத்து நிரவிவிட்டார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பெயிண்டரைப் பாராட்டி இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவளும் நான்தான்.

தெற்குச் சுவரில் வேறு கதை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. சேறாகிறதே என்று 2015இல் அதில் கான்கிரீட் போட்டோம். பேஸ்மட்டத்துக்கு மேல், தரை ஈரம் (ஓதம்) ஏறாமலிருக்க ஒரு அடுக்குக் கலவை வைத்துத்தான் சுவரை எழுப்பியிருப்பார்கள். நாங்கள் போட்ட கான்கிரீட் அந்த அடுக்குக்கு மேலே போய்விட்டது. அப்புறம் அந்த அடுக்கு இருந்து என்ன பயன்? விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் பக்கவாட்டிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டது. தெருவும் கூடச் சேர்ந்தது. புதுச் சாலையைப் பழைய சாலையின் மேலேயே போட்டுப் போட்டு, நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மூன்று படி ஏறிய இடத்தில் இப்போது ஒரு படிதான் மிச்சம். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவே வந்தது. எங்கள் தெரு அதற்கு முன்னாலேயே உயர்ந்துவிட்டது.

அடுக்களைக் கறைக்கு நான் காலண்டர் கணக்கோடு பெரிய விளக்கம் வைத்திருந்தேன். கொத்தனார் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கரித்துண்டால் குறித்துவிட்டு, இரவு யாரும் குழாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் நாலு அங்குலம் இறங்கியிருந்தது. சுவருக்குள் போகும் குழாயின் ஒரு இணைப்பு கசிகிறது. பிளம்பர் அரை நாளில் முடித்தார். ஆறு வருஷக் கறை!

தளத்துக்குத்தான் பயந்தோம். ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தட்டோட்டை எல்லாம் பெயர்த்தெடுத்துத் தளம் முழுக்க ரசாயனப் பூச்சு பூச வேண்டும் என்று லட்சத்துக்கு மேல் கேட்டிருந்தார். கொத்தனார் தளத்தைக் களிமண் வரப்பு கட்டி மூன்று பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார். கீழே நான் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தளம் சொட்டவில்லை. கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தட்டிய கைகள் நன்றாக வாழட்டும். கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூட்டில் மட்டும்தான் விரிசல். அதற்குள் ஒரு அரசங்கன்று வேறு வேர் விட்டிருந்தது.

வேலை பங்குனி, சித்திரையில் நடந்தது. மழைக்கு முந்தின மாதம் வரை தள்ளிப்போட்டால் கலவையும் காயாது, கொத்தனாரும் கிடைக்க மாட்டார். மூட்டைத் தோண்டிச் சுத்தம் செய்து, நீர்க்கசிவைத் தடுக்கும் திரவம் கலந்த கலவையால் அடைத்து, மூலையில் தண்ணீர் தங்காதபடி சாய்வாகப் பூசினார். பத்தடிக்கு ஒன்றரை அங்குல வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தை மட்டும் சரி செய்தார். இரண்டு அங்குலக் குழாய் போய் நாலு அங்குலம் வந்தது, அடைத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று இன்னொரு வாயும். படிக்கட்டுப் பக்கம் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்த இடத்தில் மேலே பூசி மறைக்க அவர் விடவில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடித்துக் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். துருவைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகுதான் கலவை. சன்ஷேடுக்கெல்லாம் மெஷினால் மறுபடி பள்ளக் கோடு வெட்டினோம். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் முடியிழை மாதிரி இருந்த வெடிப்புகளைக் கீறி அடைத்து வெளிப்பூச்சு அடித்தோம்.

சந்துக் கான்கிரீட்டை உடைத்தபோதுதான் இவர் முகத்தில் வலி தெரிந்தது, அதைப் போட்டவர் அவர்தான். எட்டு அங்குலம் கீழே இறக்கி, சுவரை ஒட்டி ஓரடிக்குச் சரளைக்கல் கொட்டி, மீதியில் பின்வாசல் பக்கம் சரிகிற மாதிரி ஓடை வைத்தோம். உள்ளே, ஈரத்தோடு வந்து வெள்ளையாக உப்பு பூத்த உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். உப்பேறிய பூச்சை விட்டுவைத்தால் அது காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டு நனைந்து நிற்குமாம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, காய்ந்த பிரஷால் தட்டி வாரிக் கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

அடுத்துதான் பொறுமைக்குச் சோதனை. சுவரை அப்படியே செங்கல் தெரிய விட்டுவிடச் சொன்னார். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பார்கள். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது மாதம், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக் கணக்கு. சொந்தக்காரர்கள் வந்து ஹாலில் உட்கார்ந்து, செங்கல் சுவரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். பணம் தீர்ந்துபோச்சா என்று ஒரு சித்தி கேட்டே விட்டார். மறு வருஷம் தை மாதம் சுண்ணாம்புக் கலவையால் பூசி, மேலே வெறும் சுண்ணாம்பு அடித்தோம். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டுகிறது என்று பையனுக்குக் குறை. ஒட்டட்டும்.

எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய் ஆனது. இரண்டு தடவை பெயிண்டுக்குச் செலவழித்ததை அதோடு கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இங்கே மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். தாழ்வாரம் திண்ணையைத் தாண்டி நீண்டு இறங்கும், சுவரில் தூறல் படவே விடாது. திண்ணை தெருவிலிருந்து இடுப்பளவு உயரம். அந்த வீடுகளை ‘பழசு’ என்று இடித்துவிட்டு, ஒன்றரையடி சன்ஷேடு வைத்த பெட்டி வீடுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் சாரல் ஜாஸ்தி என்று சாரலைக் குறை சொல்கிறோம்.

பீரோ இப்போது சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கிழக்குப் பக்கம் நிற்கிறது. புடவைகளைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துப் பழைய மல் வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். புரட்டாசி வெயில் வந்ததும் நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைப்பேன். சாரல் காலத்திலும் கிழக்கு ஜன்னல்களைச் சாத்துவதில்லை, துணியெல்லாம் பின்கட்டில்தான் காய்கிறது. அரக்குப் பட்டைத் தென்காசியில் பாலிஷ் போடக் கொடுத்தேன். பூஞ்சணம் போயிற்று, ஜரிகை போனது போனதுதான்.

இதை எழுதும்போது ஆனி பாதி. நாலு நாளாக விடாத சாரல். படுக்கையறைச் சுவரைக் காலையில் புறங்கையால் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை புதிதாகத் தெரிகிறது. சாரலுக்கு அங்கே வர வழியே கிடையாது. அத்தையிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு “இது நமக்குத் தெரியாத ஆளா இருக்கே” என்றார்கள். சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.